டிரஸ்ஸர் வீட்டு இங்கிலீஷ்

நாகப்பட்டினத்தில் உப்பு மண்டி வைத்திருந்த தங்கராஜுவுக்கு ஒரே ஆசை. தன் மகன் செல்லப்பன் இங்கிலீஷ் பேசி ஒரு துரையையாவது வாய் அடைக்க வைக்க வேண்டும். மலாயாவில், ஜோகூரில், காயத்துக்கு மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்த அவருடைய பள்ளித் தோழர் அர்ச்சுனன் லீவில் ஊருக்கு வந்தபோது, "எங்க வீட்ல தமிழே கிடையாது. எல்லாம் இங்கிலீஷ்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அது போதுமாக இருந்தது. அடுத்த கப்பலிலேயே தங்கராஜு பையனை ஏற்றிவிட்டார். 1928ஆம் வருஷம் அது. செல்லப்பனுக்குப் பதினாறு வயது. இங்கிலீஷ் எழுத்துகள் அவனுக்குத் தெரியும். எழுத்துகளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பது தெரியாது.

ஜோகூரில் குளுவாங் ரயில் ஸ்டேஷனுக்கு அர்ச்சுனனே வந்து அழைத்துப் போனார். வெள்ளை டிரில் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி. வழியெல்லாம் தமிழில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் செம்பருத்தி வேலியருகே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த வேலியைத் தாண்டிட்டா தமிழ் கிடையாது. கோவம் வந்தாலும் சரி, பசி வந்தாலும் சரி, இங்கிலீஷ்தான்."

"எனக்குத் தெரியாதே மாமா."

"அதுக்குத்தானே வந்திருக்கே."

உள்ளே அவருடைய மனைவி வெள்ளையம்மா நின்றிருந்தாள். பையனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. கப்பலில் வாந்தி எடுத்தாயா, அம்மா எப்படி இருக்கிறாள், ஏன் இப்படி இளைத்திருக்கிறாய் என்றெல்லாம் கேட்க உதடு துடித்தது. கடைசியில் அவளுக்குக் கிடைத்த சொல் ஒன்றுதான்.

"நெக்ஸ்ட்."

ஆஸ்பத்திரி வரிசையில் அடுத்த நோயாளியை அர்ச்சுனன் கூப்பிடும் சொல் அது. அந்த வீட்டில் அதற்கு வா, உட்கார், சாப்பிடு, தள்ளிப் படு என்று எல்லா அர்த்தமும் உண்டு. கித்தான் நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் தம்பி வீரமுத்துவும் தலையை உயர்த்தி "நெக்ஸ்ட்" என்றான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவே. சட்டம் வந்த நாளிலிருந்து வேலிக்குள் அவன் வேறு எதுவும் பேசியதில்லை.

அந்த வீட்டு இங்கிலீஷ் முழுவதும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய காகிதத்திலிருந்தும் வந்தது. குழம்பைக் கிண்டச் சொல்ல வேண்டுமா, 'ஷேக் வெல்'. எல்லாம் நலமா என்று கேட்க 'நோ ஃபீவர்?'. நலம்தான் என்று பதில் சொல்லவும் அதுவேதான். 'புட் அவுட் யுவர் டங்' என்று நாக்கை நீட்டச் சொன்னால் 'பேசு' என்று பொருள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, வலிக்குத் தேய்க்கும் தைலப் புட்டியில் இருந்த 'எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி'. உடம்புக்கு வெளியே மட்டும் தடவ வேண்டும் என்பது அதன் அர்த்தம். வெள்ளையம்மா அதைச் சொன்னால், இந்த விஷயம் இங்கிலீஷில் ஆகாது, ரோட்டுக்கு வா என்று அர்த்தம்.

வந்த அன்றே செல்லப்பனுக்கு அது புரிந்துவிட்டது. சாப்பிடும்போது அர்ச்சுனன் "நோ ஃபீவர்?" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் தலையாட்ட, போதும் என்று அர்த்தமாகி, சோற்றுப் பானை உள்ளே போய்விட்டது. கை கழுவும் இடத்தில் வெள்ளையம்மா அவன் தோளைத் தொட்டு, "எக்ஸ்டர்னல்" என்றாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் கால் வைத்ததும் குடையை விரித்துக்கொண்டு அவள் கொட்டினாள். "உண்மையச் சொல்லு தம்பி, வயிறு நெறஞ்சுச்சா?"

"இல்ல அத்தை. பசிக்குது."

"அப்பவே நெனச்சேன். இந்த மனுஷன் ஒரு நாளைக்கு இங்கிலீஷாலயே நம்மளக் கொல்லப் போறாரு லா. இரு."

தட்டு நிறைய சோறும் கருவாட்டுக் குழம்பும் ரோட்டுக்கு வந்தன. அவள் குடை பிடிக்க, அவன் நின்றபடியே சாப்பிட்டான். காய்கறிக் காவடி சுமந்து போன சீனர் ஒதுங்கி வழி விட்டாரே தவிர, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தெருவுக்கு இது பழகிப்போன காட்சி. புருஷன் பெண்டாட்டி சண்டையிலிருந்து வீரமுத்துவுக்குப் பெண் பார்த்த பேச்சு வரை எல்லாம் நடுரோட்டில் நடப்பதால், டிரஸ்ஸர் வீட்டு ரகசியம் என்று குளுவாங்கில் எதுவும் இல்லை.

செல்லப்பனுக்கு அழுகை வந்தது. ஆனால் ரோஷக்காரன். இதுதான் இங்கிலீஷ் என்றால் இதையே கரைத்துக் குடித்துவிடுவது என்று முடிவு செய்தான். பள்ளிக்கூடத்தில் சேரும் நாள் வருவதற்குள் வீட்டிலிருந்த புட்டி அத்தனையும் அவனுக்கு மனப்பாடம்.

பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. எந்த வகுப்பில் போடலாம் என்று பார்க்க, அவனை எதிரே நிறுத்தி முதலில் சுகம் விசாரித்தார்.

"நோ ஃபீவர், சார்."

துரையின் புருவம் ஏறியது. அடுத்து கேட்ட கேள்வியில் 'ஷிப்' மட்டும் செல்லப்பனுக்குப் பிடிபட்டது. கப்பல் பயணம் பற்றித்தான்.

"ஷேக் வெல், சார்."

துரை நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா வெளிநாட்டில், அதாவது நாகப்பட்டினத்தில் இருக்கிறார் என்று செல்லப்பன் சொல்ல நினைத்தான்.

"ஃபாதர், எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி."

துரை எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் குலுங்கின. பாவம், அவருக்கும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று செல்லப்பனுக்கு மனசு இளகிவிட்டது. "டேக் ரெஸ்ட், சார்" என்று ஆறுதல் சொன்னான். துரையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கையசைத்து அவனை அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் துரை வீட்டுக்கே வருகிறார் என்று பள்ளிக்கூடப் பியூன் வேலிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனான். அர்ச்சுனனுக்குத் தலை கால் புரியவில்லை. செல்லப்பனை ரோட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "நம்ம இங்கிலீஷைக் கேக்கத்தான் துரை வர்றாரு."

துரை வந்தார். வேலியைத் தாண்டி உள்ளே கால் வைத்து, தொப்பியைக் கழற்றி, கணீரென்று தமிழில் கேட்டார்:

"எல்லாரும் பெரட்டுக்கு வந்தாச்சா?"

வாத்தியார் வேலைக்கு வருமுன் அவர் பாலோ என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக இருந்தவர். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டிலும், பட்டையைக் கத்தியால் சீவிப் பால் இறக்கும் மரத்தடியிலும் கற்ற தமிழ்தான் அவருடைய தமிழ். வீட்டார் நலமா என்று மரியாதையாக விசாரித்ததாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் வந்த பிறகு வேலிக்குள் தமிழ் பேசிய முதல் ஆள் ஒரு வெள்ளைக்காரர். அர்ச்சுனனுக்கு வியர்த்துவிட்டது. துரையை இங்கிலீஷில் பேசச் சொல்ல வேண்டும்.

"சார், புட் அவுட் யுவர் டங்."

துரை ஒரு கணம் தயங்கினார். பிறகு, விருந்தாளியாக வந்த இடத்தில் மறுக்கக்கூடாது என்று நாக்கை நீட்டினார். அர்ச்சுனன் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்து, "நோ ஃபீவர்" என்றார். துரை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெள்ளையம்மா கோப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்து, "பால் நல்லா இறங்குது" என்று பாராட்டினார். குடித்து முடித்ததும் காலிக் கோப்பையைக் காட்டி, "மங்கு நிறையலை" என்றார். ரப்பர் பால் பிடிக்கும் கோப்பைக்குத் தோட்டத்தில் மங்கு என்று பேர். வீரமுத்து பதறி எழுந்து "நெக்ஸ்ட்" என்றான்.

இதற்கு மேல் வெள்ளையம்மாவால் பொறுக்க முடியவில்லை. "எக்ஸ்டர்னல், சார்" என்று சொல்லி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இது இந்த வீட்டு வழக்கம் போலும் என்று துரையும் பின்னால் போனார். சற்று நேரத்தில் எல்லோரும் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மாட்டு வண்டிகள் சுற்றிக்கொண்டு போயின.

"துரை, இது சின்னப்புள்ள" என்று வெள்ளையம்மா ஆரம்பித்தாள். "தாய் தகப்பன விட்டுட்டு வந்திருக்கு. வாயத் தொறந்து சோறு கேக்கக்கூடப் பாஷை இல்ல. நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க."

துரைக்குப் பாதிதான் புரிந்தது. அவர் செல்லப்பனின் முகத்தை உற்றுப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழுக்குள் தேடித் தேடி, அர்ச்சுனனிடம் மெதுவாகச் சொன்னார்:

"இது புதுக் கன்னு. இப்ப கத்தி வைக்காதே. பட்டை காயம் ஆகும். அப்புறம் பால் வராது."

அர்ச்சுனன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஊரை விட்டு வந்த பிறகு ஒரு துரை சொன்னது செல்லப்பனுக்கு முழுசாகப் புரிந்தது அன்றுதான்.

அன்று மாலை சாப்பாட்டின்போது அர்ச்சுனன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்று தமிழில் சொன்னார். வெள்ளையம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. அந்த இடைவெளியில் வீரமுத்து வாயைத் திறந்தான். இத்தனை காலம் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. குழம்பில் புளி அதிகம், நாற்காலியில் மூட்டைப்பூச்சி, பார்த்த பெண்ணுக்கு மூக்கு சரியில்லை, மாமா குறட்டை விடுகிறார். எல்லோர் கையும் காய்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. விடிந்ததும் மறுபடி ஆரம்பித்தான். அவன் மட்டும் இங்கிலீஷிலேயே இருக்கட்டும் என்று அர்ச்சுனன் கையெடுத்துக் கேட்டுக்கொண்டார்.

துரை செல்லப்பனை எல்லாவற்றுக்கும் கீழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு போட்டார். குட்டைப் பெஞ்சியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த சீனப் பொடியன் புத்தகத்திலிருந்த படத்தைத் தொட்டு "கௌ" என்றான்.

"மாடு" என்றான் செல்லப்பன்.

பொடியன் யோசித்து, "மாலு" என்று சொல்லிப் பார்த்தான். செல்லப்பன் 'கௌ' என்று சொல்லிப் பார்த்தான். பிறகு இருவரும் பக்கத்தைத் திருப்பினார்கள்.