கறுப்புக் காகிதப் பூட்டு

ஆட்களைச் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு குழந்தை "கை கழுவிட்டேன் மிஸ்" என்றால்கூட விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார விடுவேன். மழலையர் வகுப்பில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு அது தானாக வந்துவிடும்.

அந்த வாரம் தீப் பாதுகாப்புப் பாடம். நாலு வயதுப் பிள்ளைகளிடம் தீயைப் பற்றிப் பேசினால் பாதி சிரிக்கும், பாதி அழும். அதனால் நான் பேசுவதே இல்லை, வெட்டி ஒட்ட வைப்பேன். திங்களன்று ஆரஞ்சுக் காகிதத்தில் தீ. செவ்வாயன்று சாம்பல் நிறத் தாளில் புகை. அதைக் கயிற்றில் தொங்கவிட்டு, தலையில் படாமல் அடியில் தவழ வேண்டும். புதனன்று காகித வீடு. அட்டையை மடித்து நிறுத்தி, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு வெட்ட வேண்டும். "முன்னாடி தீ இருந்தா?" என்று கேட்பேன். "பின்னாடி போ!" என்று காது கிழியக் கத்துவார்கள்.

நத்தை என்று நாங்கள் கூப்பிடுகிற பிள்ளையின் காகித வீட்டில்தான் எனக்குப் பொறி தட்டியது. எதையும் ஆற அமரச் செய்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுக்கு அதில் பெருமைகூட. முன்கதவைத் திறக்கிற மாதிரி அழகாக வெட்டியிருந்தாள். பின்கதவை மட்டும் பசை தடவி அடைத்து, அதன்மேல் கறுப்புக் காகிதத்தில் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருந்தாள்.

"இது என்னடா கண்ணு?"

"பூட்டு."

"யாரு பூட்டுறாங்க?"

உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். "வெளியில சொல்லக் கூடாது."

அதற்குமேல் எவ்வளவு கொஞ்சிக் கேட்டும் பசை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நத்தையின் அம்மாவுக்கு வேறு ஊரில் நர்ஸ் வேலை, மாதம் ஒருமுறை வருவாள். வீட்டில் அப்பா மட்டும். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டிய தொழில். அப்போது பிள்ளையை என்ன செய்வார்? உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார், யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டியும் வைத்திருக்கிறார். அந்த வீட்டில் ஒருநாள் நிஜமாகவே தீப்பிடித்தால்? நினைக்கும்போதே அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் கூட்டிப் போக வந்தவரிடம் காகித வீட்டை நீட்டி, "பூட்டாம்" என்று சொல்லிவிட்டு முகத்தையே பார்த்தேன். கறுப்புச் சதுரத்தைக் கண்டதும் முகம் மாறியது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நடமாடிக்கொண்டிருந்தார்.

"ஆளு சரியில்ல மிஸ்," என்றாள் ஆயாம்மா. "நான் போனதும் ஃபோன்ல பேசுற மாதிரி பாவ்லா பண்றாரு."

வெள்ளிக்கிழமையும் அதே கதை. போதாததற்கு மகளின் காதில் என்னமோ கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேகவேகமாகத் தலையாட்டி மறுத்தாள். மிரட்டுகிறான் என்றே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலை பதிவேட்டில் முகவரி பார்த்து நேரில் போய் நின்றேன். மூன்றாவது மாடி. முதலில் கதவின் வெளிப்பக்கத்தைத்தான் தடவிப் பார்த்தேன். பூட்டு இல்லை, கொக்கி இல்லை, இருந்ததற்கான ஆணி ஓட்டைகூட இல்லை. தடவிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டார்.

"உள்ள வாங்க மிஸ்."

"நான் உக்கார வரல. வேலைக்குப் போறப்ப பிள்ளைய எங்க விடுறீங்க?"

"எதிர் வீட்டு அக்காகிட்ட. இப்பக்கூட அங்கதான் இருக்கா."

எதிர் வீட்டிலிருந்து நத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் விடவில்லை.

"அப்ப உங்க பின்கதவ யாரு பூட்டுறா?"

"எங்க வீட்டுக்குப் பின்கதவே கிடையாதே மிஸ்." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு கதவு இருக்கிற இடம்னு அவளுக்குத் தெரிஞ்சது உங்க வகுப்பு ஒண்ணுதான். பின்னால போய்ப் பாத்தேன். அங்க பூட்டு தொங்குது. கேட்டா என் பிள்ளை மேல கோபத்தைக் காட்டிருவீங்களோன்னு ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அவரும் என்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பூட்டு நான் கேட்டு வாங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாண்டு பின்கதவு வழியாக நழுவித் தெருவரைக்கும் போய்விட்டான். தலைமையாசிரியையிடம் ஒற்றைக் காலில் நின்று பூட்டுப் போட வைத்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் பின்பக்கக் குழாயில் கை கழுவி உள்ளே வந்ததும், ஆயாம்மா வெளியிலிருந்து பூட்டிவிடுவாள். பிள்ளையைத் தெருவுக்கு விட்ட கதை பெற்றோருக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்று, "இதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொன்னதும் நானேதான். அடுத்தவர் போடுகிற பூட்டு மட்டும் எனக்குப் பூதாகரமாகத் தெரிந்திருக்கிறது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போவதற்கு முன்னால், நான் செய்து வைத்திருப்பது என்ன என்று என் கண்ணாலேயே பார்த்துவிட நினைத்தேன். காகிதத் தீயை எல்லாம் முன்கதவில் ஒட்டினேன். "தீ!" என்றேன்.

இருபத்திரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு மளமளவென்று பின்கதவுக்குத் தவழ்ந்தார்கள். முதலில் போனவன் சொல்லிக்கொடுத்தபடி புறங்கையால் கதவைத் தொட்டான். "சூடில்ல மிஸ்!" தள்ளினான். திறக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை, யாரும் அழவில்லை. மிஸ் திறப்பார் என்று அப்படியே முட்டிபோட்டுக் காத்திருந்தார்கள்.

சாவி அலுவலக அறையில் இருந்தது. அலுவலகத்துக்குப் போக முன்கதவுதான் வழி.

வேறு வழி தெரியாமல் நான் முன்கதவை நோக்கி நடந்தேன். அவ்வளவுதான், வகுப்பே அலறியது. "அங்க போகாதீங்க மிஸ்! தீ! தீ!" எந்நாளும் கடைசியாக வருகிற நத்தை எழுந்து ஓடிவந்து என் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வெளியே இருந்த ஆயாம்மாவைக் கூப்பிட்டு, சுத்தியல் எடுத்துவந்து பின்கதவுப் பூட்டை உடைக்கச் சொன்னேன்.

"சாவி இருக்கே மிஸ், எதுக்கு உடைக்கணும்?" என்றாள் ஆயாம்மா.

"உடைங்க," என்றேன். "பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க."