கவனிக்க ஒரு ஆள்

எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி உயிரோடிருக்கப் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது, கொடுமையைப் பாருங்கள். கணையத்தில் கட்டி. எடுத்தால் பிழைக்கலாம், விட்டால் ஆறு மாதமோ எட்டு மாதமோ. எட்டு மணி நேர ஆபரேஷனை இந்த உடம்பு தாங்குமா என்று சோதித்த பிறகுதான் தேதி கொடுப்பார்கள். அவளுக்கு வாழ ஆசையாக இருந்தது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் முடிந்தமட்டும் நடக்கச் சொன்னாள் பிசியோதெரபி பெண். இவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். புருஷன் நாற்காலியில் சாவகாசமாகப் பேப்பர் படித்தார். அடுத்தது கைவலு. அளவு காட்டும் முள் வைத்த ஒரு பிடியைக் கொடுத்து இறுக்கச் சொன்னார்கள். முள் ஏறியதைப் பார்த்துப் பெண் அசந்துபோனாள்.

"என்னைவிட உங்களுக்குப் பிடி ஜாஸ்திம்மா. என்ன பண்றீங்க?"

"போர்வை, துணியெல்லாம் கையால பிழியறேன். மெஷின்ல போட்டா இவருக்குப் பிடிக்காது."

"எல்லாம் நம்ம டிரெயினிங்," என்றார் புருஷன். வாயெல்லாம் பல். துரும்பைக் கிள்ளிப் போடாத மனுஷனுக்குப் பெருமையைப் பாருங்கள்.

பிறகு முதியோர் டாக்டரின் அறை. சமையல் யார்? நான்தான். மாடிப்படி? தினம் நாலு தடவை. மாத்திரையெல்லாம்? நானே எடுத்துக்குவேன், இவரோட பிரஷர் மாத்திரையும் நான்தான் எடுத்துக் கொடுக்கணும். ஒவ்வொரு பதிலுக்கும் டாக்டர் டிக் போட்டுக்கொண்டே போனார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல் தடவையாக அவள் எதிலோ தேறிக்கொண்டிருந்தாள். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

கடைசிக் கேள்வியைப் புருஷனைப் பார்த்துக் கேட்டார் டாக்டர். "ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் அம்மா எதையும் தூக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பாடு கொடுக்கணும். வீட்டுல யாரு பாத்துக்குவாங்க?"

"இவதான்," என்றார் அவர்.

"இவங்களை யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டேன், ஐயா."

"அதான் சொல்றேன். வீட்டுல எல்லாம் இவதான் பாத்துக்குவா. எனக்கு எது எங்க இருக்குன்னே தெரியாது."

அதில் சூதுவாது எதுவுமில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"மக யாராவது?"

"இருக்கா," என்றாள் அவள். "அவ மாமியார் படுத்த படுக்கை. அசைய முடியாது."

டாக்டர் பேனாவை மூடினார். "உங்க உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா கவனிக்க ஆளில்லாத வீட்டுக்கு உங்களை அனுப்ப முடியாது. யாராவது வர்றாங்கன்னு உறுதியாகட்டும், தேதி போடலாம்."

"அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா டாக்டர்?"

"இருக்காதும்மா."

வெளியே வந்ததும் புருஷனுக்கு ஒரே குஷி. "பாத்தியா, குறையே இல்லன்னுட்டார்." ஸ்கேன் படங்களும் தண்ணீர் பாட்டிலும் திணித்த பையை அவளிடம் நீட்டினார். "இந்தா, பிடி. உனக்குத்தான் பிடி ஜாஸ்தியாமே."

வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அதற்குள் கை நீண்டு பையை வாங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் புருஷனைக்கூட அவள் அப்படி வெறுத்ததில்லை, அந்தக் கையை வெறுத்தாள்.