விரிப்பு மாற்றும் நேரம்

எங்கள் வார்டு வாசலில் ஒரு பலகை உண்டு: "கர்ப்பிணித் தாய்மார்களே, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்." சொன்னால் என்ன செய்வோம் என்று எழுத அதில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

நம்பிச் சொன்னவள் ஒருத்தி. சலவைக்கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவள். முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, விட முடியாத பழக்கமாக அவளைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் மாதம் அவளாகவே வந்து டாக்டரிடம் சொன்னாள். திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்து என்று மாற்று மருந்து கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். மகன் பிறந்தான். மறுநாளே நடுக்கம், தும்மல், வீல் வீலென்று அழுகை. வயிற்றுக்குள் கிடைத்த மருந்து வெளியே கிடைக்காமல் அந்த உடம்பு பட்ட பாடு அது. இது வரும் என்று எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் திருடியைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி அவளைப் பார்த்தார்கள்.

தலைமை டாக்டர் பெரிய மனது பண்ணி ஓர் உத்தரவு போட்டார். அந்த மாதிரிப் பெண்கள் குழந்தையைத் தூக்கக் கூடாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நர்ஸான நான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நடுக்கத்துக்கும் அழுகைக்கும் மதிப்பெண் போட வேண்டும். எட்டுக்குக் கீழே இறங்காவிட்டால், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தை வெள்ளிக்கிழமை இன்னும் கூட்டுவாராம். பையன் பதின்மூன்றில் நின்றான். இரண்டரைக் கிலோ உடம்பு எவ்வளவுதான் தாங்கும்?

விதிப்புத்தகத்தை நானும் புரட்டினேன். தொட்டில் விரிப்பை மாற்றும்போது குழந்தையை யாராவது பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. யாராவது என்றால் யாராவதுதானே. அவளைக் கூப்பிட்டு மடியில் கொடுத்தேன். ஒரு விரிப்பை மாற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வயதாகிவிட்டது, என்ன செய்ய. அன்றைக்கு மட்டும் ஆறு விரிப்பு மாற்றினேன்.

வியாழக்கிழமை மதிப்பெண் ஏழு. டாக்டர் தன் மருந்தைத் தானே மெச்சிக்கொண்டார். கையோடு, இவ்வளவு விரிப்பு எதற்கு என்று என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு தாளையும் நீட்டினார். பையன் அதிகம் நனைக்கிறான் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவன் அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தூங்கினான். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் எதையும் சொல்லாம இருந்திருந்தா, மொத நாளே தூக்கியிருப்பேன்ல சிஸ்டர்?"

ஆமாம் என்பதுதான் பதில்.

"பேசாம புள்ளயக் கெட்டியாப் புடி," என்றேன். "இன்னும் விரிப்பு மாத்தி முடியல."