இடது காதில் ஒரு பாறை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஜெலுத்தோங் சந்தைக்கு அருகே ஒரு கடையில். சொன்னவள் ஷஹீரா. அவள் சொல்லி முடிப்பதற்குள் என்னுடைய தே தாரிக் தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது.

முதல் வரியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘மழை கொட்டும் நள்ளிரவில், கணினித் திரையின் வெளிச்சத்தில், ஷஹீரா தன்னந்தனியாக—’

(அடித்துவிட்டேன். அன்று ஞாயிறு, காலை பதினோரு மணி, மண்டையைப் பிளக்கும் வெயில்.)

2

ஷஹீரா தொழிற்சாலைப் பொறியாளர். ஓய்வு நேரத்தில் ‘ஓம்பாக்’ என்ற பழைய படகுப் பந்தய விளையாட்டைப் பராமரிக்கிறாள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். இருபத்திரண்டு வருடங்களில் அப்படித் திருத்தியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் அவள்தான் மிச்சம்.

நிரலை ஓடும் விளையாட்டாக மாற்றித் தருவது பில்ட் ஸ்கிரிப்ட். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் புதியது வந்ததும் அது படுத்துவிட்டது. அன்று மாலை ஆறு மணிக்குள் எழுந்திருக்காவிட்டால், அதைச் சேர்த்து வெளியிடும் இலவச இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் ஓம்பாக்குக்கு இடமில்லை. கோளாறு, பன்னிரண்டு வருடமாக யாரும் தொடாத ஒலிப்பகுதியில். ஷஹீரா அதை அடியோடு வெட்டினாள். கோளாறு இல்லை என்று பில்ட் பச்சை காட்டியது. விளையாட்டின் இணையப் பக்கத்தில் ஒலியை எடுத்துவிட்டதாக அறிவிப்பும் போட்டாள்.

(இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம்.)

அந்தப் பக்கத்திலிருந்த எண்ணைப் பிடித்து ஒருவர் அழைத்தார்.

“தங்கச்சி, அக்கரையில பாகான் டாலாம்ல இருந்து மோகனராஜ் பேசுறேன். அந்த சவுண்ட தூக்கிட்டீங்களாமே? எனக்குக் கண்ணு தெரியாதும்மா. பத்து வருஷமா, பாறை எந்தப் பக்கம்னு அதக் கேட்டுத்தான் படகு ஓட்டுறேன்.”

“யாருமே யூஸ் பண்றதில்லன்னு நெனச்சேண்ணே...”

“நான் ஒருத்தன் இருக்கேன்லா!”

3

மோகனராஜை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குத் தயக்கம். ‘பொறுமைசாலி’ என்று எழுதி ஷஹீராவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “அவரா? சரி பண்ணித் தரேன்னு சொன்னதுமே அட்ரஸ வாங்கிட்டு, ஃபெரி புடிச்சு ஒரு மணிக்கே என் வீட்டு வாசல்ல நின்னாரு. ‘ஆச்சா, ஆச்சா’ன்னு என் உசுர வாங்கிட்டாரு.”

திருத்திவிட்டேன்.

வெட்டியதை மீட்டெடுத்து, நானூறு வரிகளையும் புதிய முறைக்கு மாற்றி எழுதினாள். ஐந்தே காலுக்கு மறுபடி பச்சை. மோகனராஜ் ஹெட்போனை மாட்டினார். முதல் வளைவிலேயே படகு மோதி உடைந்தது.

“பாறை வலது காதுல கேக்குது. இடது பக்கம் ஒதுங்குனா, அங்கதான் இருக்கு!”

இரண்டு காதுகளும் இடம் மாறியிருந்தன. திருத்த வேண்டியது ஒரே வரி. அதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். ‘சேர்த்துக்கொண்டோம்’ என்று பதில் வந்ததும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.*

* கரண்டி நான் சேர்த்தது. கூச்சல் உண்மை.

4

“ஒரு ரேஸ் விடலாமா தங்கச்சி?”

“வாங்கண்ணே.” ஷஹீராவும் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையை அணைத்தாள்.

பொத்தானின் அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவர் தலை திரும்பியது. “ஸ்கிரீன அடச்சிட்டீங்களா?”

“ஆமாண்ணே. சரிசமமா ஓட்டுவோம்.”

“அப்ப நீங்க செத்தீங்க” என்றார் மோகனராஜ், வாயெல்லாம் பல்லாக.

யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் ஜெயிப்பதாக ஒன்று, அவர் ஜெயிப்பதாக ஒன்று, இரண்டு முடிவுகளும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் தரமாட்டேன். கொடி இறங்கிவிட்டது, இரண்டு இன்ஜின்களும் உறுமுகின்றன. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் ஓட்டுங்கள்.