பாகற்காய்ச் சாறும் மூன்று மிட்டாயும்

தையல்காரருக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம். மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்வார். அது போதாதென்று அவர் மனைவி மொட்டைமாடியில் தொட்டி வைத்துப் பாகற்கொடி வளர்த்தாள். அதுவும் வஞ்சனையில்லாமல் காய்த்துத் தள்ளியது. விடிந்ததும் ஒரு தம்ளர் சாறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

சாறு இறங்கியதே தவிர சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண் இறங்கக் காணோம்.

"ரெண்டு தம்ளராக்கிடுவோம்" என்றாள். ஆக்கியும்விட்டாள்.

மூன்றாம் நாள், வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறந்துவிட்டு, கடையில் ஒரு நர்ஸம்மாவுக்குச் சீருடை அளவெடுத்துக்கொண்டிருந்தார். அளவு நாடாவைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது.

"அண்ணே, சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்களா?"

"ஆமாம்மா. கூடவே பாகக்கா சாறு, ரெண்டு தம்ளர்."

"சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

நர்ஸம்மா அவரை ஸ்டூலில் உட்கார்த்தி, கைப்பையைத் துழாவி மூன்று மிட்டாய்களை உரித்து நீட்டினார். "கடிச்சு முழுங்குங்க, சீக்கிரம்."

"ஐயையோ! மாடியில வீட்டுக்காரி இருக்கா. பாத்தா தோலை உரிச்சிடுவா."

"சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கும்ணே. இப்ப இதுதான் மருந்து!"

நாலு வருஷம் கழித்து நாக்கில் இனிப்பு. நடுக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள்.

"வாயில என்ன?"

"மருந்து" என்றார்.

நர்ஸம்மா சொன்னதும் ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்தாள். ஐம்பத்தெட்டு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு நடுக்கம் அடங்கும்வரை கையை விடவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என் கொடி வேலை செய்யுதுல்ல?"

மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "ஊருக்கே அளவெடுக்கிறீங்க, சாறுக்கு அளவு வேணாமா? மாத்திரையும் அதுவும் சேர்ந்து, வெறும் வயித்துல இழுத்து விட்டிருக்கு. முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும்." இனிச் சாறு கிடையாது, காயை வதக்கிச் சாப்பாட்டோடு சாப்பிடலாம், வேளைக்குச் சாப்பாடு, தினமும் நடை என்று தீர்ப்பாயிற்று.

இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள். மூன்று மாதத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, தாமே மாத்திரையைப் பாதியாக்கினார்.

"குறைச்சது என் பாகக்காதான்" என்றாள் மனைவி, வெளியே வந்ததும்.

"நடந்தது என் காலு."

"அந்தக் காலைக் கிளப்பி விட்டது யாரு?"

அவர் சிரித்துக்கொண்டே அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, வீடுவரை வம்பளந்தபடி நடந்தே போனார்கள்.