பூஜ்யம் மில்லிகிராம்

மனித குலத்துக்கு அன்று ஒரு முக்கியச் செய்தி அறிவிக்கப்பட்டது: திருமதி ஆர்லிஸ் நீகார்ட், நிகோட்டினின் பிடியிலிருந்து பூரண விடுதலை அடைந்த பிறகே காலமானார். அறிவித்தவன் அவளுடைய ஒரே மகன் லோரன். இடம், டுலூத் நகரத்து லூத்தரன் தேவாலயம். மனித குலத்தின் சார்பில் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் இருவர் சவப்பெட்டி தூக்க வந்த கூலியாட்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று லோரன் விளக்கினான். இளம் வயதிலிருந்து ஊதித்தள்ளிய அம்மாவுக்கு அவன் இ-சிகரெட் வாங்கிக்கொடுத்தான். அதில் ஊற்றும் ஸ்ட்ராபெரி திரவத்தின் நிகோட்டினைப் பன்னிரண்டு மில்லிகிராமிலிருந்து ஆறாக்கினான், ஆறை மூன்றாக்கினான், கடைசியில் அம்மாவுக்கே தெரியாமல் பூஜ்யமாக்கினான். தரைவிரிப்புக் கம்பெனியில் விற்பனையைக் கூட்டுவது அவன் உத்தியோகம். அம்மாவிடம் குறைத்துக் காட்டினான். அவள் இறந்தது, செவ்வாய்க்கிழமை தபால் எடுக்கப் போய்ப் பனியில் வழுக்கி விழுந்து. நுரையீரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை இரண்டு முறை சொன்னான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

முன்பெல்லாம் மினியாபொலிஸிலிருந்து அவன் வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். இ-சிகரெட் வந்த பிறகு ஞாயிறுதோறும் வரவேண்டியதாயிற்று. திரவம் ஊற்றும் தொட்டி கட்டைவிரல் அளவுதான். அம்மாவுக்கோ கை நடுங்கும். வந்து, காலித் தொட்டியைக் கழற்றி நிரப்பி, துடைத்து, இழுத்துப் பார்க்கச் சொல்லுவான். அம்மா இரண்டு இழுப்பு இழுத்து, பிரமாதம் என்பாள். ரோடு எப்படி இருந்தது என்று கேட்பாள். ரோடு எப்படி இருந்ததென்று சொல்லுவான். காப்பி முடிந்ததும் கிளம்பிவிடுவான். வாசல்வரை வந்து, அடுத்த வாரத்துக்குள் எப்படியும் காலியாகிவிடும் என்று அம்மா நினைவூட்டுவாள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். அம்மாவின் எதிர் வீட்டுக்காரியும் சீட்டாட்டத் தோழியுமான வெர்னா தட்டோடு வந்து அவனருகில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் பேசின. ஆனா அவ விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

லோரன் பொறுமையாகத் திருத்தினான். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததே போன கோடையில்தான் என்றான்.

"நீ கொண்டுவந்த. அவ எப்பவோ விட்டுட்டா. உன் முன்னாடி இழுப்பாளே, அந்த ரெண்டு இழுப்புதான். நீ போனப்புறம் அதுக்கே உக்காந்து இருமுவா."

வாராவாரம் தொட்டி காலியாக இருந்ததே என்றான் லோரன்.

"சனிக்கிழமை சீட்டாட்டம் முடிஞ்சதும் நான்தான் சிங்க்ல ஊத்திடுவேன்." வெர்னா ரொட்டியைப் பிரித்து உள்ளே கடுகுச் சாந்து இருக்கிறதா என்று பார்த்தாள். "கழட்டி ஊத்தத் தெரிஞ்ச எனக்கு நிரப்பத் தெரியாதா? நானே நிரப்பித் தரேன்டி, அவன எதுக்கு அவ்வளவு தூரம் அலையவிடறன்னு கேட்டேன். வாய மூடிட்டு சீட்டப் போடுன்னா."

ஹாம் நன்றாக இருக்கிறது என்றான் லோரன்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள் வெர்னா.

எல்லோரும் போன பிறகு அம்மாவின் வீட்டுக்குப் போனான். ஹீட்டரைக் குறைத்து வைக்கவேண்டும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டான். சமையலறை மேசையில் சீட்டுக்கட்டு இருந்தது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். ரோடு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஜன்னல் விளிம்பில் இ-சிகரெட் இருந்தது. கோட்டுப் பையில் புது பாட்டில் கிடந்தது. அம்மா இறந்த செய்தி வருவதற்கு முன்பே வாங்கி வைத்தது. பழக்கதோஷத்தில் இ-சிகரெட்டின் மூடியைக் கழற்றினான்.

தொட்டி, போன ஞாயிறு அவன் நிரப்பி வைத்தபடியே இருந்தது.

சிங்க்கில் கவிழ்த்தான். ஸ்ட்ராபெரி வாசனை வந்தது. காலித் தொட்டியைத் துடைத்து, மூடி, ஜன்னல் விளிம்பிலேயே வைத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.