டாக்டர் 'போதும்' என்று சொல்லும் வரை

தையல்காரி தன் சின்ன மகளுக்கு வாய் திறக்கச் சொல்லிக்கொடுக்கவே ஒரு கோடை முழுக்க ஆனது. சிரிக்காதீர்கள், அது அப்படியொன்றும் லேசுப்பட்ட வேலை இல்லை. பிறந்ததிலிருந்தே எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்ளும் பெண். பல் துலக்க பிரஷை நீட்டினாலே வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவளுடைய கீழ்ப்பற்கள் ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டுக்கும் மேலண்ணத்தில் போய்க் குத்தி ரத்தம் வந்தது. பல்லுக்குக் கிளிப் போட்டால்தான் தீரும் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே வீட்டிலேயே ஆஸ்பத்திரி நடந்தது. நாற்காலியைச் சுவரில் சாய்த்து, டார்ச் அடித்து, குளிர்ந்த ஸ்பூனால் கன்னத்தை உள்ளிருந்து விலக்கிப் பழக்கினார்கள். அக்காக்காரிதான் டாக்டர். தாயின் ஊசி பிடிக்கிற விரல் எத்தனையோ கடி வாங்கியது. சட்டம் ஒன்றே ஒன்று: டாக்டர் 'போதும்' என்று சொல்லும் வரை வாயை மூடக்கூடாது, அம்மா சொன்னாலும் கூடாது. நிஜ டாக்டரைப் பாதியில் கடித்துவைத்தால் துரத்திவிடுவாரே என்ற பயத்தில் தாய் போட்ட சட்டம் அது.

போனது அக்காவுக்குக் கிளிப் போட்ட அதே டாக்டரிடம். மூத்தவளுக்கு ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்காமல் அளவெடுத்த மனிதர். சின்னவள் தானாகவே ஏறிச் சாய்ந்தாள். விளக்கு முகத்தில் விழுந்ததும் வாயைத் திறந்தாள். தையல்காரி பெருமையோடு டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டர் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கையுறையைத் தொடவே இல்லை. தன் நாற்காலியைத் தாயின் பக்கம் திருப்பிக்கொண்டு, இந்த மாதிரிப் பிள்ளைகள் ஒத்துழைக்க மாட்டார்கள், கம்பியைப் பிய்த்துப் போடுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். தாய் அண்ணத்துப் புண்ணைச் சொன்னாள். ஒரு தடவை உள்ளே பாருங்கள் என்று கெஞ்சினாள்.

"பாத்து என்னம்மா ஆகப்போகுது? இவளுக்கென்ன கல்யாணமா காட்சியா? சாப்பாட்டை நல்லாக் குழைச்சுக் குடுங்க."

அவர் பேசி முடிக்கும் வரை அந்த வாய் திறந்தேதான் இருந்தது. எச்சில் மோவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அசையவில்லை. பாவி மனுஷன், ஒத்துழைப்புக்கு வேறென்ன அடையாளம் வேண்டும் அவருக்கு?

தாய் மூடச் சொன்னாள். மகள் தலையாட்டி மறுத்து, டாக்டரை விரலால் காட்டினாள்.

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர். நீங்க சொன்னாத்தான் மூடுவா."

அவர் அடுத்த ஆளின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடியே, "போதும்" என்றார்.

பஸ் ஸ்டாப்பில், தனக்கு எப்போது கிளிப் என்று மகள் கேட்டாள். கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

"நான் சரியாத் தொறக்கலியாம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய் வலிக்க வலிக்க அகலமாகத் திறந்து காட்டினாள். தையல்காரி போதும், போதும் என்றாள். அவள் சொல் செல்லாது. சட்டம் அவள் போட்டதுதானே. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் அந்த வாய்க்குள் பார்த்தார்கள்.